பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்

சென்ற மாதம் ஒரு நாள் காலை. கடற்கரைச் சாலையில் நடந்து முடித்து, பழைய கலங்கரை விளக்கத்துக்கு அருகில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நாலு பேரும் பென்ஷன் கேஸ்தான். ஒருவர் கணக்குப் பிரிவு, ஒருவர் வாத்தியார், ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சொல்தா, நான் கிளார்க். பேச்சு பேரப்பிள்ளைகள் கேட்கும் பாட்டுக்குப் போயிற்று. இப்போதெல்லாம் பாட்டு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, எத்தனை கோடி பேர் பார்த்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள் என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். கணக்குப் பிரிவுக்காரர் சிரித்தார்.

"அதுல என்ன தப்பு சார்? நல்லா இருந்தா தானா விக்கும். பூக்கடைக்கு எதுக்கு விளம்பரம்? விக்கலைன்னா சரக்குல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

வாத்தியார் சமாதானம் செய்வதுபோல, "விடுங்க, எல்லாத்துக்கும் காலம் பதில் சொல்லும்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நானே வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ இரண்டும் சேர்ந்து காதில் விழுந்ததும் கோபம் வந்துவிட்டது. சூரியன் ஏறிவிட்டதால் பேச்சை அங்கேயே முடிக்க வேண்டியதாயிற்று. மீதியை இங்கே முடிக்கிறேன். பழைய புதுவைக் கதைகளை எதிர்பார்த்து வரும் நண்பர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும். இது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து கிட்டார் கோஷ்டி ஒன்று 1988-ல் போட்ட ஆங்கிலப் பாட்டு ஆல்பத்தைப் பற்றியது.

அது என் கைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997 டிசம்பர் விடுமுறைக்கு, பாரிஸுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்ட என் அத்தை மகனின் பையன் வந்திருந்தான். கல்லூரி மாணவன். பாதித் தமிழ், பாதி பிரெஞ்சு. நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பதால் எங்களுக்குள் பேச்சு தடையில்லாமல் ஓடும். ஊருக்குத் திரும்பும்போது ஒரு சி.டி.யையும், 'லே இன்ராக்குப்தீப்ல்' என்ற பிரெஞ்சு இசைப் பத்திரிகையின் பழைய இதழ்கள் இரண்டையும் என் மேஜைமேல் வைத்தான். "மாமா, பத்திரிகையைப் படிக்காதீங்க. முதல்ல கேளுங்க" என்றான். நான் வழக்கம்போல முதலில் பத்திரிகையைத்தான் படித்தேன்.

அந்த சி.டி.தான் '16 லவ்வர்ஸ் லேன்'. கோஷ்டியின் பெயர் 'தி கோ-பிட்வீன்ஸ்'. நடுவில் நின்று தூது போகிறவர்கள் என்று பொருள்.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அசுனாவூரும் பிராசென்ஸும் கேட்டு வளர்ந்தவன். இரண்டு பேர் மாறி மாறிப் பாடுகிறார்கள், ஒருவர் குரலும் பெரிய குரல் இல்லை, கிட்டார் மட்டும் நன்றாக மினுங்குகிறது என்று தோன்றியது. மூன்றாவது தடவை, ஆறாவது பாட்டின்போது, பேனாவைக் கீழே வைத்தேன். பத்தாவது பாட்டு முடியும்போது என் மனைவி அடுக்களையிலிருந்து, "என்னங்க, யாரு அது, அழுதுட்டே பாடுறது?" என்று கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. இருபத்தெட்டு வருடமாக அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி அவர்கள் யார் என்பது. 1977 கடைசியில் பிரிஸ்பேனில் ராபர்ட் ஃபார்ஸ்டர், கிராண்ட் மெக்லெனன் என்ற இரண்டு பல்கலைக்கழக நண்பர்கள் ஆரம்பித்த கோஷ்டி. கிராண்டுக்கு அப்போது எந்த வாத்தியமும் தெரியாது, சினிமாப் பைத்தியம். ராபர்ட்தான் அவருக்கு பாஸ் கிட்டார் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். நண்பன் வேண்டும் என்பதற்காக, வாசிக்கத் தெரியாதவனை வைத்துக் கோஷ்டி ஆரம்பித்த கதையை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. அன்றைய குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பியெல்க்கி-பீட்டர்சன் என்பவர் 1968 முதல் 1987 வரை முதல்வராக இருந்தார். 1977-ல் தெரு ஊர்வலத்துக்கே தடை போட்டவர். அந்த ஊரில் இந்தப் பையன்கள் 1978-ல் சொந்தக் காசில் ஒரு சிறு தட்டுப் போட்டார்கள். ஒரு பக்கம் ஒரு சினிமா நடிகையைப் பற்றி, மறு பக்கம் ஒரு நூலகப் பெண்ணைப் பற்றி. அந்தப் பாட்டில் நம்ம ஜெனே பெயர்கூட வரும். (ஜான் ஜெனேயை 'நம்ம' என்கிறேன். பிரெஞ்சில் படித்தவனின் உரிமை.)

1980-ல் லிண்டி மாரிசன் என்ற பெண் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தார். லண்டனுக்குப் போனார்கள். ரஃப் ட்ரேட் கம்பெனியில் 1983-ல் ஒரு ஆல்பம்; அதில் கிராண்ட் தன் சிறு வயதை, மாட்டுப் பண்ணையையும் கரும்புக் காட்டையும் வைத்து எழுதிய 'கேட்டில் அண்ட் கேன்' என்ற பாட்டு இருக்கிறது. அடுத்த ஆல்பம் சைர் கம்பெனி. அவர்கள் கைகழுவிவிட, அதற்கடுத்தது பெகர்ஸ் பேங்க்வெட் கம்பெனி. 1986-ல் வயலினும் ஓபோவும் வாசிக்கும் அமண்டா பிரவுன் சேர்ந்தார். 1987 கடைசியில் லண்டன் குளிரை விட்டு சிட்னிக்குத் திரும்பி, அங்கே ஸ்டூடியோஸ் 301-ல் மார்க் வாலிஸ் என்ற தயாரிப்பாளரோடு பதிவு செய்ததுதான் '16 லவ்வர்ஸ் லேன்'. 1988 ஆகஸ்டில் வெளிவந்தது. பத்தே பாட்டு. அவர்களுடைய ஆறாவது ஆல்பம். ஆறின் பெயரிலும் இரண்டு 'எல்' எழுத்து எங்காவது இருக்கும். இது வேண்டுமென்றே செய்த விளையாட்டு. எனக்கு இப்படிப்பட்ட அற்ப விஷயங்கள் நினைவில் நிற்கும். தபால் பதிவேடு எழுதி வந்த பழக்கம்.

'இண்டி ராக்' என்று இந்த வகைக்குப் பெயர். இண்டி என்றால் 'இண்டிபென்டென்ட்' என்பதன் சுருக்கம். பெரிய கம்பெனிகளின் பிடிக்கு வெளியே, சின்னக் கம்பெனிகளில் வளர்ந்த சங்கீதம். ராக் என்றவுடன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். இந்த ஆல்பத்தில் பாதிக்கு மேல் மரக் கிட்டார்தான். வெயில் அடிப்பதுபோன்ற சத்தம். ஆனால் சொற்கள் வெயில் இல்லை. ஆறாவது பாட்டு 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' இருக்கிறதே, ஊர்த் தெருக்களைச் சுற்றி வரும் பாட்டு, அதைக் கேட்டால் உல்லாசப் பயண விளம்பரம் என்று நினைப்பீர்கள். நடுவில் சத்தமே காட்டாமல், வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களைப் பற்றி ஒரு வரி வந்துபோகும். மெட்டு மாறாது, வேகம் மாறாது. அந்த ஒரு வரிக்கு அப்புறம் அதே தெரு வேறு தெருவாகத் தெரியும். பேனாவை நான் கீழே வைத்தது அங்கேதான்.

குறை இல்லாத ஆல்பம் என்று நான் சொல்லமாட்டேன். மெருகு கொஞ்சம் அதிகம். முந்தைய ஆல்பங்களில் இருந்த முரட்டுத்தனம் இதில் இழைத்துத் தள்ளப்பட்டிருக்கிறது. ஒன்பதாவது பாட்டை நான் பல தடவை தாண்டிவிடுவேன். ஆனால் இரண்டாவது பாட்டு 'கொயட் ஹார்ட்' கிராண்ட் எழுதியது. தூரத்தில் இருக்கிறவளை நினைத்துப் பாடுவது. பத்தாவது 'டைவ் ஃபார் யுவர் மெமரி' ராபர்ட் எழுதியது. கைநழுவிப் போனதைத் தேடி மூழ்குவது. இரண்டும் கேட்டவர்களை விடாது. அந்தச் சமயத்தில் கிராண்டும் அமண்டாவும் காதலித்துக்கொண்டிருந்தார்கள். ராபர்ட்டும் லிண்டியும் அதற்கு முன் காதலித்துப் பிரிந்திருந்தார்கள். ஒரே அறையில் ஒரு காதல் தளிர்த்துக்கொண்டும் இன்னொன்று சருகாகியும் கிடந்த நேரத்தில் பதிவானது. அது காதில் விழுகிறது.

சரி, விற்றதா? இல்லை. 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' பிரிட்டனிலும் முதல் நாற்பதுக்குள் வரவில்லை, சொந்த நாட்டிலும் வரவில்லை. அமெரிக்காவில் வேறொரு பாட்டு, 'வாஸ் தேர் எனிதிங் ஐ குட் டூ', பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் முதல் இருபதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. ஐரோப்பாவில் ஆர்.இ.எம். என்ற பெரிய கோஷ்டிக்கு முன் மேடையேறினார்கள். 1989 டிசம்பரில் கோஷ்டி கலைந்தது. கிராண்ட்-அமண்டா காதலும் அதோடு போயிற்று.

இங்கேதான் நம் கணக்குப் பிரிவுக்காரர், "பார்த்தீங்களா, சரக்குல கோளாறு" என்பார்.

நண்பரே, உங்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு அலுவலகத்தில் (எது என்பது வேண்டாம்) ஒரு குடும்ப பென்ஷன் கோப்பு இருந்தது. இறந்துபோன ஊழியரின் மனைவிக்குச் சேர வேண்டியது. கோப்பில் ஒரு குறையும் இல்லை. எல்லாச் சான்றும் இருந்தது, குறிப்பும் சரியாக எழுதப்பட்டிருந்தது, விதி எண்கூடப் பிசகவில்லை. அந்தக் கோப்பு பீரோவுக்கு மேல் பதினான்கு மாதம் கிடந்தது. யாரும் லஞ்சம் கேட்கவில்லை. யாருக்கும் விரோதம் இல்லை. சும்மா கிடந்தது. கடைசியில் ஒரு பியூன், அந்த அம்மா படியில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்தவர், ஒரு நாள் அதை எடுத்துத் தூசு தட்டி, மேஜை மேஜையாகத் தானே தூக்கிக்கொண்டு போனார். மூன்று நாளில் உத்தரவு வந்தது.

கோப்பு நல்லதாக இருந்தால் தானாக நகரும் என்று முப்பத்தாறு வருடம் உத்தியோகம் பார்த்த யாராவது சொல்வார்களா? நீங்களே சொல்வீர்களா? ஒரு தாள் நகர ஒரு ஆள் வேண்டும் என்பது அலுவலகத்தில் நமக்கெல்லாம் தெரியும். வெளியே வந்து பாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

பூக்கடைப் பழமொழியையும் பார்த்துவிடுவோம். மல்லிகை வாசம் தெருக்கோடி வரைக்கும் போகும். அதற்கு அப்பால்? பெரிய மார்க்கெட்டுப் பூக்கடையின் வாசம் முத்தியால்பேட்டைக்கு வருமா? அந்த வழியாகப் போகாதவனுக்குப் பூக்கடையும் இல்லை, வாசமும் இல்லை. 1988-ல் பாட்டுக்குத் தெரு என்பது ரேடியோ. ரேடியோவில் வாரம் இத்தனை பாட்டு என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஏறினால்தான் கடையில் தட்டு அடுக்குவார்கள், அடுக்கினால்தான் விற்கும், விற்றால்தான் மறுபடி பட்டியல். அந்த வட்டத்துக்குள் நுழையப் பெரிய கம்பெனியின் ஆட்கள் வாசலிலேயே நிற்பார்கள். சின்னக் கம்பெனிக்கு அத்தனை ஆள் இல்லை. அதே ஆண்டு கைலி மினோக் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணின் முதல் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றது. ஐ.என்.எக்ஸ்.எஸ். என்ற கோஷ்டியின் 'கிக்' அதற்கும் முந்தைய ஆண்டிலிருந்து உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உழைத்தார்கள், விற்றார்கள். ஆனால் அவர்கள் விற்றதால் இவர்கள் பாட்டில் கோளாறு என்று ஆகிவிடாது.

கோ-பிட்வீன்ஸுக்கு வேறு இடைஞ்சல்களும் இருந்தன. லண்டனில் அவர்கள் ஆஸ்திரேலியாக்காரர்கள். ஆஸ்திரேலியாவில் அவர்கள் லண்டனுக்கு ஓடிப்போனவர்கள். அங்கே அப்போது மதுக்கடை மேடைகளில் வளர்ந்த உரத்த ராக்குக்குத்தான் மவுசு. இவர்கள் புத்தகம் படிக்கிற ஜாதி. ரேடியோவுக்கு ஒரு முகம் வேண்டும், ஒரு குரல் வேண்டும். இவர்களிடம் இரண்டு குரல். அவர்கள் பக்கத்திலும் தப்பு உண்டு. இவ்வளவு தூரம் வந்த பிறகு, அடுத்த ஆல்பத்துக்கான பாட்டெல்லாம் கையில் இருக்கும்போது, கோஷ்டியைக் கலைத்தார்கள். நல்ல கிளார்க் ஒருவர் அவர்களோடு இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று நான் நினைப்பதுண்டு.

அடுத்து வாத்தியாருக்கு. காலம் பதில் சொல்லும் என்றீர்கள். காலத்துக்கு வாய் கிடையாது சார்.

கோஷ்டி கலைந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். எங்கெங்கோ இருந்த சில ஆயிரம் பேர் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கேசட்டில் பதிந்து நண்பனுக்குக் கொடுத்தார்கள். ரேடியோவுக்கு எழுதினார்கள். தாங்களே கோஷ்டி ஆரம்பித்தார்கள். பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த ஒன்றிரண்டு பேர் ஆசிரியரை நச்சரித்தார்கள். 1996-ல் அந்தப் பிரெஞ்சுப் பத்திரிகை தன் பத்தாம் ஆண்டு நிறைவுக்கு ராபர்ட்டையும் கிராண்டையும் பாரிஸுக்கு அழைத்து, மறுபடி அந்தப் பெயரில் வாசிக்க வைத்தது. பிறந்த ஊர் அழைக்கவில்லை, பாரிஸ் அழைத்தது. இரண்டு பேரும் 2000-த்தில் மறுபடி ஆல்பம் போட்டார்கள். 2005-ல் வந்த 'ஓஷன்ஸ் அபார்ட்' ஆல்பத்துக்கு ஆஸ்திரேலியாவின் ஏரியா விருது கிடைத்தது. முதல் தட்டு போட்டு இருபத்தேழு வருடம் கழித்து!

2001-ல் ஆஸ்திரேலியப் பாடலாசிரியர் சங்கம் எல்லாக் காலத்துக்குமான முப்பது பாட்டு என்று தேர்ந்தெடுத்ததில் அந்தக் கரும்புக் காட்டுப் பாட்டு இருந்தது. 2010-ல் வந்த, ஆஸ்திரேலியாவின் சிறந்த நூறு ஆல்பங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் '16 லவ்வர்ஸ் லேன்' மேல்வரிசையில் இருக்கிறது. அதே 2010 ஜூலையில் பிரிஸ்பேன் ஆற்றின்மேல் ஒரு புதிய பாலம் திறந்தார்கள். என்ன பெயர் வைப்பது என்று மாநகராட்சி மக்களிடமே வாக்கெடுத்தது. ஜெயித்த பெயர் 'கோ பிட்வீன் பாலம்'. மந்திரி பெயர் இல்லை, முதல்வர் பெயர் இல்லை, சொந்த நாட்டில் ஒரு பாட்டுகூட முதல் நாற்பதுக்குள் வராத கோஷ்டியின் பெயர்! நாம் பார்த்த பாலங்களுக்கெல்லாம் யார் பெயர் என்று நினைத்துப் பாருங்கள். (அது சுங்கப் பாலம். வண்டியில் போனால் காசு கட்ட வேண்டும். அந்தப் பெயரை வைத்து வசூல் பண்ணத் தெரிந்தவர்கள் கடைசியில் மாநகராட்சிக்காரர்கள்தான்.)

வாத்தியார் இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீங்களா, காலம் பதில் சொல்லிடுச்சு" என்பார். யாருக்குச் சொல்லிற்று? 2006 மே 6-ம் தேதி கிராண்ட் மெக்லெனன் பிரிஸ்பேனில் தன் வீட்டில் இறந்துபோனார். அன்று மாலை வீட்டில் நண்பர்களுக்கு விருந்து வைத்திருந்தார். சற்றுப் படுக்கிறேன் என்று போனவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 48. பாலம் திறக்க இன்னும் நாலு வருடம் இருந்தது.

அந்தப் பியூன் பதினான்கு மாதம் கழித்துக் கோப்பை எடுத்தார் என்றேன். அந்த அம்மா இருந்தார், வாங்கிக்கொண்டார். இன்னும் ஒரு வருடம் தள்ளியிருந்தால் 'பயனாளி காலமானார்' என்று சிவப்பு மையில் எழுதிக் கோப்பை முடித்திருப்போம். விதிப்படி அதுவும் சரியான குறிப்புத்தான். காலம் பதில் சொல்லும் என்பது அந்தச் சிவப்பு மைக் குறிப்பு மாதிரி. யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, யாருக்கும் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. தீர்ப்பு வரும், வாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும் என்கிற அவசியம் இல்லை.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஆல்பங்களை 'அண்டர்ரேட்டட்' என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. ரேட்டு என்றால் விலைச்சீட்டு. யாரோ கடைக்காரர் சீட்டைக் குறைத்து ஒட்டிவிட்டார், சரியாக ஒட்டினால் தீர்ந்தது என்கிற மாதிரி. பிரெஞ்சில் 'மெகோன்யு' என்று ஒரு சொல் உண்டு. 'கோன்யு' என்றால் அறியப்பட்டது. முன்னால் 'மெ' சேர்த்தால் அறிய வேண்டிய விதத்தில் அறியப்படாதது. பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் டிக்டேஷனில் இதைப் போடுவார். இரண்டு 'என்' போடாவிட்டால் மார்க் போகும். இந்தச் சொல்லில் குறை பொருளின்மேல் இல்லை, பார்த்தவன் கண்ணில் இருக்கிறது. அந்த ஆல்பம் மலிவாக விற்கப்பட்டதல்ல. தப்பாக அறியப்பட்டது.

ஆனால் ரசிகர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. இந்த ஆல்பத்தை நேசிக்கிறவர்களில் ஒரு ரகம் உண்டு. இது எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம், கூட்டத்துக்குப் புரியாது, புரிந்துவிட்டால் எங்களுக்குப் பிடிக்காது என்பார்கள். கோயில் பிராகாரத்தில் வரும் புளியோதரையை 'எல்லாருக்கும் சொல்லிடாதீங்க' என்று காதோடு சொல்கிறவர்கள் மாதிரி. இவர்களால் கோப்பு ஒரு மேஜைகூட நகராது. கலைஞன் வறுமையில் வாடினால்தான் பாட்டில் உயிர் இருக்கும் என்று சொல்கிறவர்களும் இவர்கள்தான். வாடுவது தானாக இல்லாதவரை. கிராண்ட் ஒரு பாட்டாவது பட்டியலில் ஏற வேண்டும் என்றுதான் விரும்பினார். ராபர்ட் 2016-ல் தன் நண்பனைப் பற்றி எழுதிய 'கிராண்ட் அண்ட் ஐ' புத்தகத்தில் அந்த ஆசை ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. தோற்பதற்காக யாரும் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' மாதிரி ஒரு மெட்டுப் போடமாட்டார்கள்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நேசித்தவர்கள்கூட இரண்டு ஆண்களை மட்டும்தான் நினைவில் வைத்தார்கள். 2000-த்தில் மறுபடி அந்தப் பெயரில் வந்தபோது லிண்டியும் இல்லை, அமண்டாவும் இல்லை. ஒன்பது வருடம் டிரம்ஸ் வாசித்து, அந்தப் பையன்களுக்கு முதுகெலும்பாக நின்ற பெண்ணின் பெயர் கட்டுரைகளில் ஒரு வரியாகச் சுருங்கியது. 2021-ல் பாடகி ட்ரேஸி தோர்ன் லிண்டி மாரிசனுக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அது வாழ்க்கை வரலாறு மட்டுமில்லை, வழக்காடல். தன் சிநேகிதிக்கான கோப்பை அவர் தானே தூக்கிக்கொண்டு போனார். அமண்டாவின் வயலினை எடுத்துவிட்டால் '16 லவ்வர்ஸ் லேன்' பாதியாகிவிடும் என்பது காது உள்ள யாருக்கும் தெரியும். அவளுக்கான புத்தகம் இன்னும் எழுதப்படவேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தனை வருடத்தில் அந்தப் பழைய பாட்டுகளையெல்லாம் திரட்டி 2015-லும் 2019-லும் கனமான பெட்டிகளாக வெளியிட்டிருக்கிறார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் நம் வயதை நெருங்குகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெட்டியின் விலையைப் பார்த்தபோது, 1988-ல் அவர்கள் அதே தொகைக்கு எத்தனை தட்டு வாங்கியிருக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. கணக்குப் பிரிவுக்காரரோடு பழகிய தோஷம்.

"கிழவனுக்கு ஏன் இந்தப் பிரிஸ்பேன் வழக்கு?" என்று என் பேரன் கேட்டான். அவன் போனில் அந்த ஆறாவது பாட்டைத் தேடி, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டி, "பரவாயில்ல தாத்தா, நிறைய பேர்தான் பார்த்திருக்காங்க" என்றான். எனக்கு ஆறுதல் சொன்னானாம். பாட்டைப் போடவில்லை, எண்ணை மட்டும் காட்டினான். நான் போனை வாங்கிப் பாட்டைப் போட்டேன். மூன்றரை நிமிடம் நின்று கேட்டான். அந்த ஒரு வரி வந்தபோது என் முகத்தைப் பார்த்தான். "இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். சொன்னேன். மறுபடி போட்டான்.

என் அத்தை மகனின் பையனுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. அவனுக்கு இந்தப் பதிவை அனுப்பப்போகிறேன். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவன் அந்த சி.டி.யை வைத்துவிட்டுப் போகாவிட்டால் எனக்கு இந்தக் கோஷ்டி ஏது? அவன் ஊரில் அவனுக்கு அதைக் கொடுத்த ஒருவன் இருந்திருப்பான். அவனுக்கும் ஒருவன்.

கணக்குப் பிரிவுக்காரருக்கு மறுநாளே அந்தத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சி.டி. போடற மெஷின் வீட்டுல இருக்கான்னே தெரியலியே சார்" என்றார். பையன் அறையில் பழையது ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள், ஆறாவதிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். மூன்று வாரம் ஆகிறது. தினமும் கடற்கரையில் பார்க்கிறோம். கேட்டேன் என்றும் சொல்லவில்லை, கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை. தட்டையும் திருப்பித் தரவில்லை.